கூடுதல் புள்ளி எடுத்தவர் ஏன் தோற்றார்? 2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியின் கணக்கு

2019ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை முதல் நள்ளிரவு வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த இலங்கை ரசிகர்கள் பலருக்கு, ரிமோட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. லண்டன் நகரின் ஒரு பக்கத்தில், லோர்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் மோதிக்கொண்டிருந்தன. அதே நகரின் இன்னொரு பக்கத்தில், விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில், நொவாக் ஜோகோவிச்சும் ரொஜர் பெடரரும் ஆண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆட்டங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இங்கே நள்ளிரவை நெருங்கும்போது முடிந்தன. இரண்டிலும் தோற்ற தரப்பின் ரசிகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நாங்கள் எதில் தோற்றோம்?

கிரிக்கெட் கதை நமக்கு நன்றாகத் தெரியும். 50 ஓவர்களிலும் சமநிலை, சுப்பர் ஓவரிலும் சமநிலை, கடைசியில் பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கடைசி ஓவரில் பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கு ஆறு ஓட்டங்கள் வழங்கியவர் நமது நடுவர் குமார் தர்மசேன என்பதால், அந்த விவாதம் இங்கே இன்னும் கொஞ்சம் சூடாகவே நடந்தது. ஐந்து ஓட்டங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

டென்னிஸ் கதை அப்படி அலசப்படவில்லை. அங்கே நடுவர் யாரும் தவறு செய்யவில்லை. முடிவு ஒற்றை வரியில் பதிவானது:

ஜோகோவிச் 7-6 (7-5), 1-6, 7-6 (7-4), 4-6, 13-12 (7-3).

ஆட்ட நேரம் 4 மணித்தியாலம் 57 நிமிடம். விம்பிள்டன் வரலாற்றில் அதுவரை நடந்த ஒற்றையர் இறுதிப் போட்டிகளில் அதுவே மிக நீண்டது. மறுநாள் காலைப் பத்திரிகையில் இந்த வரியை மட்டும் பார்த்தவர் என்ன நினைப்பார்? கடும் போட்டி, ஐந்து செட், கடைசியில் ஜோகோவிச் ஒரு நூலிழையில் முந்திவிட்டார் என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த வரியை நிதானமாகக் கூட்டிப் பார்த்தால் வேறொரு கதை வரும்.

முதலில் கேம்களைக் கூட்டுவோம். பெடரர் 6, 6, 6, 6, 12. மொத்தம் 36. ஜோகோவிச் 7, 1, 7, 4, 13. மொத்தம் 32. தோற்றவர் நான்கு கேம் அதிகமாக வென்றிருக்கிறார். மொத்தப் புள்ளிகளைப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது: பெடரர் 218, ஜோகோவிச் 204. எதிராளி தொடக்கூட முடியாத ஏஸ் சேர்வ்கள் பெடரருக்கு 25, ஜோகோவிச்சுக்கு 10. அடித்து எடுத்த வெற்றிப் புள்ளிகள் 94க்கு 54. எதிராளியின் சேர்வை முறியடித்தது ஏழு தடவைக்கு மூன்று தடவை. நான்காவது செட்டின் பிற்பகுதி வரை, அதாவது ஆட்டம் தொடங்கி இரண்டரை மணித்தியாலத்துக்கு மேலாகியும், பெடரரின் சேர்வை முறியடிக்கும் வாய்ப்பு ஒன்றுகூட ஜோகோவிச்சுக்குக் கிடைத்திருக்கவில்லை. தவறுகளின் எண்ணிக்கையில் மட்டும் ஜோகோவிச் சற்று நன்றாக இருந்தார்: பெடரர் தானாகச் செய்த தவறுகள் 62, ஜோகோவிச் 52.

இவ்வளவும் இருந்தும் கிண்ணம் ஜோகோவிச்சின் கையில். இது எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, டென்னிஸில் புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன என்பதைவிட, எப்படி அழிகின்றன என்று பார்ப்பதுதான் நல்லது.

கிரிக்கெட்டில் ஓர் ஓட்டம் எடுத்தால் அது கடைசி வரை இருக்கும். முதலாவது ஓவரில் எடுத்த ஓட்டமும் ஐம்பதாவது ஓவரில் எடுத்த ஓட்டமும் ஒரே கணக்கில் போய்ச் சேரும். உதைபந்தாட்டத்தில் கோலும் அப்படித்தான். டென்னிஸ் அப்படியல்ல. அங்கே புள்ளிகள் சிறிய பானைகளில் ஊற்றப்படுகின்றன. ஒரு பானை நிரம்பினால் அது ஒரு கேம். ஆறு பானை நிரம்பினால், இரண்டு கேம் முன்னிலையும் இருந்தால், அது ஒரு செட். பானை யாருக்கு நிரம்பியதோ அவருக்கு ஒரு கேம். மற்றவர் அதே பானைக்காகச் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அப்படியே நிலத்தில் கொட்டப்படும். அடுத்த பானைக்கு ஒரு துளியும் கொண்டுபோக முடியாது. செட்டுக்கும் இதே விதிதான்.

சின்ன உதாரணம் ஒன்று. முதல் கேமில் நீங்கள் நான்கு புள்ளிகளையும் வரிசையாக எடுக்கிறீர்கள், எதிராளிக்கு ஒன்றுமில்லை. அடுத்த கேம் டியூஸ் வரை இழுபடுகிறது. எதிராளி ஆறு புள்ளி எடுத்து அதை வெல்கிறார், உங்களுக்கு நான்கு. மொத்தத்தில் உங்களிடம் எட்டுப் புள்ளி, அவரிடம் ஆறு. கேம் கணக்கோ 1-1. இரண்டே கேமில் இந்த வித்தியாசம் வருமென்றால், 68 கேம் ஆடிய ஓர் இறுதிப் போட்டியில் எவ்வளவு தண்ணீர் நிலத்தில் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றைய இரண்டாவது செட்டைப் பெடரர் 6-1 என்று 25 நிமிடங்களில் அள்ளினார். பார்ப்பதற்கு ஒருபக்க ஆட்டம். ஆனால் அந்த 6-1க்குக் கிடைத்தது ஒரு செட் மட்டுமே. முதலாவது செட்டிலோ, இருவரும் தத்தம் சேர்வை விட்டுக்கொடுக்காமல் 6-6 வரை சென்று, டை-பிரேக்கில் பெடரர் 5-3 என முன்னிலையில் இருந்தபோது ஜோகோவிச் தொடர்ந்து நான்கு புள்ளிகளை எடுத்தார். அந்த நான்கு புள்ளிக்கும் கிடைத்தது ஒரு செட்தான்.

டை-பிரேக் என்பது செட் 6-6 என நிற்கும்போது வரும் ஒரு விசேட கேம். 15, 30, 40 என்ற பழைய எண்ணிக்கை இல்லை. 1, 2, 3 என்று எண்ணி, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஏழை முதலில் எட்டுபவர் செட்டை எடுப்பார். அன்று மூன்று டை-பிரேக்குகள் நடந்தன. மூன்றையும் ஜோகோவிச் வென்றார்: 7-5, 7-4, 7-3. இந்த மூன்றிலும் ஆடப்பட்ட புள்ளிகள் மொத்தம் 33. அதில் ஜோகோவிச்சுக்கு 21, பெடரருக்கு 12. அவற்றைக் கழித்துவிட்டு மிகுதி 389 புள்ளிகளைப் பாருங்கள்: பெடரர் 206, ஜோகோவிச் 183. அதாவது ஏறத்தாழ ஐந்து மணித்தியால ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் பெடரர் சிறந்த ஆட்டக்காரராக இருந்தார். முடிவைத் தீர்மானித்த அந்த 33 புள்ளிகளில் ஜோகோவிச் சிறந்தவராக இருந்தார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிடுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. ஒரு டை-பிரேக் கைமாறுவது தற்செயலாக இருக்கலாம். ஒரே ஆட்டத்தில் மூன்றும், அதுவும் புல்தரையில் மிகச் சிறந்த சேர்வ் போடுபவர்களில் ஒருவருக்கு எதிராக, ஒரே பக்கம் விழுவதைத் தற்செயல் என்று சொல்வது கடினம். தோற்கக்கூடாத இடம் எது என்று ஜோகோவிச்சுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அன்றைய கதையின் உயிர்நாடி டை-பிரேக்குகளில் இல்லை. ஐந்தாவது செட்டில் 7-7 என்றிருந்தபோது பெடரர் எதிராளியின் சேர்வை முறியடித்து 8-7 என முந்தினார். அடுத்த கேம் அவரது சேர்வ். 40-15 வரை வந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு புள்ளி. எடுக்க இரண்டு வாய்ப்புகள். எடுத்தால் ஒன்பதாவது விம்பிள்டன், 21ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டம். அதுவும் 38ஆவது பிறந்த நாளுக்கு மூன்றரை வாரங்கள் இருக்கும்போது.

முதல் வாய்ப்பில் பெடரர் அடித்த போர்ஹேண்ட் பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவது வாய்ப்பில் அவர் வலையை நோக்கி முன்னேறினார். ஜோகோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைக் கடந்து உள்ளே விழுந்தது. பிறகு கேமும் போனது. 8-8.

சேர்வ் போடுபவர் நூற்றுக்கு எழுபது புள்ளிகளை எடுக்கக்கூடியவர் என்று வைத்துக்கொண்டால், 40-15 என்ற நிலையிலிருந்து அவர் அந்தக் கேமைத் தோற்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. கணக்கு அப்படி. விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியில் சம்பியன்ஷிப் புள்ளியைத் தடுத்து, பிறகு வென்ற இன்னொருவரைத் தேட 1948ஆம் ஆண்டு பொப் பால்கன்பர்க் வரை போகவேண்டியிருந்தது. அந்த ஒரு புள்ளியின் விலையையும் சொல்லிவிடலாம். அந்த ஆண்டு வெற்றியாளருக்கான பரிசு 23 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். இரண்டாம் இடத்துக்கு அதில் சரிபாதி. தரவரிசைப் புள்ளிகள் ஒருவருக்கு 2000, மற்றவருக்கு 1200.

மைதானத்தில் இருந்த ரசிகர்களில் பெரும்பாலானோர் பெடரர் பக்கம். அவர்கள் "ரொஜர்" என்று கத்தும்போது தனக்கு அது "நொவாக்" என்று கேட்டதாக ஜோகோவிச் ஆட்டம் முடிந்த பின் சிரித்துக்கொண்டே சொன்னார். மனதைப் பழக்கி வைத்திருந்தாராம். நம்புவதா இல்லையா என்பது வேறு விடயம். ஆனால் 8-7, 40-15 என்ற நிலையில் மறுபக்கம் நின்றவர் அவர்தான்.

இனி, அந்த 12-12 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஆதியில் டை-பிரேக் என்ற ஒன்றே இல்லை. யாராவது இரண்டு கேம் முந்தும்வரை செட் போய்க்கொண்டேயிருக்கும். 1969 விம்பிள்டனில் 41 வயதான பன்சோ கொன்சாலஸ், தன்னைவிட மிக இளையவரான சார்ளி பசரெலை 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று வென்றார். ஏழு தடவை தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பி, இரண்டு நாட்களில், 112 கேம்கள். கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் சரியாக 56 கேம்கள்! அமெரிக்கரான ஜிம்மி வான் அலன் இதற்கு முன்பிருந்தே டை-பிரேக் யோசனையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 1970இல் அமெரிக்க ஓப்பனும் 1971இல் விம்பிள்டனும் அதை ஒவ்வொரு வடிவில் ஏற்றுக்கொண்டன. ஆனால் விம்பிள்டன் தனது கடைசி செட்டை மட்டும் தொடவிடவில்லை. ஐந்தாவது செட் இயற்கையாக முடியவேண்டும் என்பது அங்கே ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் 2010இல் ஜோன் இஸ்னரையும் நிக்கலஸ் மகுவையும் மூன்று நாட்கள் மைதானத்தில் நிறுத்தியது. ஐந்தாவது செட் 70-68. மொத்த ஆட்ட நேரம் 11 மணித்தியாலம் 5 நிமிடம். மின்னணுப் புள்ளிப் பலகையே 47-47இல் செயலிழந்து நின்றுவிட்டது. அந்த ஆட்டத்திலும் தோற்றவருக்கே புள்ளிகள் அதிகம்: மகு 502, இஸ்னர் 478. எட்டு வருடம் கழித்து அதே இஸ்னர் அரையிறுதியில் கெவின் அன்டர்சனிடம் 26-24 என்று தோற்றார், 6 மணித்தியாலம் 36 நிமிடம் ஆடி. வென்ற அன்டர்சனுக்கு இறுதிப் போட்டியில் கால் எழும்பவில்லை, ஜோகோவிச்சிடம் நேர் செட்களில் வீழ்ந்தார். அந்த அரையிறுதி நீண்டதால் அதே மைதானத்தில் அடுத்து ஆடவேண்டியிருந்த ஜோகோவிச், நடால் ஆட்டமும் நள்ளிரவைத் தொடப்போய், மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. அதற்குப் பிறகுதான் விம்பிள்டன் இறங்கி வந்தது. 2019 முதல் ஐந்தாவது செட்டில் 12-12 என்றால் டை-பிரேக் என்று விதி எழுதினார்கள். அந்த விதி ஒற்றையர் ஆட்டமொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது, அதே ஆண்டின் இறுதிப் போட்டியிலேயே.

இடையில் ஒன்று. முடிவுப் பட்டியல் என்றால் 128 பேர், 127 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும், மிஞ்சுவது ஒருவர். 2019 பட்டியலின் முதல் சுற்றைப் பார்த்தால், அடுத்த தலைமுறை என்று அப்போது கொண்டாடப்பட்ட டொமினிக் தீம், அலெக்சாண்டர் ஸ்வெரெவ், ஸ்டெபனோஸ் சிட்சிபாஸ் மூவரும் அங்கேயே விழுந்திருப்பார்கள். அரையிறுதிக்கு வந்தவர்கள் பெடரர், நடால், ஜோகோவிச், அவர்களுடன் ஸ்பெயினின் ரொபேர்ட்டோ பௌட்டிஸ்டா அகுட். இந்த நான்காமவர் இவ்வளவு தூரம் வருவார் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய நண்பர்கள் விருந்துக்காக அந்த நாட்களில் இபிசா தீவுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். பிறகு நண்பர்களே லண்டனுக்கு வந்து கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜோகோவிச் அவரை நான்கு செட்களில் வென்றார். பெடரரும் நடாலை நான்கு செட்களில்தான் வென்றார்.

சரி, இந்த முறை நியாயமானதா? கிரிக்கெட்டில் அந்தப் பவுண்டரி விதியை மூன்று மாதத்தில் தூக்கி எறிந்தார்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேசக் கிரிக்கெட் சபை, இனிமேல் அரையிறுதியிலும் இறுதிப் போட்டியிலும் ஒருவர் முந்தும்வரை சுப்பர் ஓவர்கள் தொடரும் என்று அறிவித்தது. டென்னிஸில் மொத்தப் புள்ளியை எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பெடரரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பவுண்டரி எண்ணிக்கை என்பது ஆட்டம் முடிந்த பிறகு எடுத்துப் பார்க்கும் ஓர் அளவுகோல். ஆடும்போது எந்த மட்டையாளரும் அதற்காக ஆடுவதில்லை. டென்னிஸில் ஒவ்வொரு பானையும் எவ்வளவு கொள்ளும் என்று இருவருக்கும் முதல் பந்திலிருந்தே தெரியும். 0-40 என்றிருக்கும்போது ஒரு கேமை விட்டுக்கொடுத்து மூச்சை மிச்சம் பிடிப்பதும், 5-1 என்று பின்தங்கிய செட்டைப் போகவிட்டு அடுத்த செட்டில் முதலில் சேர்வ் எடுப்பதைப் பற்றி யோசிப்பதும் அந்த ஆட்டத்தின் பகுதிகள்தான். அன்று இரண்டாவது செட்டில் ஜோகோவிச் ஓடாமல் விட்ட பந்துகளின் கணக்கும் இங்கேதான் வரும்.

தவிர, இதே முறையால் பயன்பெற்றவர்களில் பெடரரும் ஒருவர். 2009 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் அவர் அன்டி ரொடிக்கை 5-7, 7-6, 7-6, 3-6, 16-14 என்று வென்றார். கேம்களைக் கூட்டினால் ரொடிக் 39, பெடரர் 38. ரொடிக் பெடரரின் சேர்வை இரண்டு தடவை முறியடித்தார். பெடரரால் முடிந்தது ஒரே தடவைதான், அது ஆட்டத்தின் கடைசிக் கேம். இரண்டாவது செட் டை-பிரேக்கில் 6-2 என முன்னால் நின்ற ரொடிக், தொடர்ந்து ஆறு புள்ளிகளை இழந்து அந்தச் செட்டைத் தோற்றார். பெடரர் ரசிகர்கள் அன்று மொத்தக் கணக்கைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நானும் பேசவில்லை.

2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய பெடரர், தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றதாகவும், ஆனால் அவற்றில் தான் வென்ற புள்ளிகள் 54 சதவீதம் மட்டுமே என்றும் சொன்னார். பலர் இதை ஒரு தன்னம்பிக்கைச் செய்தியாகப் பகிர்ந்தார்கள். அது கணக்கும்கூட. ஒவ்வொரு புள்ளியையும் வெல்ல உங்களுக்கு 60 சதவீத வாய்ப்பு இருந்தால், ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 74 சதவீதத்தை நெருங்கும். கேமிலிருந்து செட்டுக்கும், செட்டிலிருந்து ஆட்டத்துக்கும் போகும்போது அது இன்னும் பெருகும். சின்ன மேலாண்மையைப் பெரிய வெற்றியாக்கித் தரும் பானை முறை இது. 24 வருடமாகப் பெடரருக்கு அது அப்படித்தான் வேலை செய்தது. ஜூலை 14ஆம் திகதி மட்டும் அவருடைய மேலாண்மை நிலத்தில் கொட்டுண்டது.

அன்றைய இரவுக்குப் பின் மூவரின் கிராண்ட் ஸ்லாம் கணக்கு பெடரர் 20, நடால் 18, ஜோகோவிச் 16. அந்தப் புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால் 21, 18, 15. பெடரர் அதன்பின் எந்தக் கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிக்கும் வரவில்லை. 2021 விம்பிள்டன் காலிறுதியில் ஹூபெர்ட் ஹுர்காச்சிடம் கடைசி செட்டை 0-6 என்று இழந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். ஜோகோவிச் 2023இல் 24ஐத் தொட்டார்.

விம்பிள்டனின் 12-12 விதியும் நீண்டநாள் வாழவில்லை. 2020இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2022 மார்ச்சில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களும் சேர்ந்து, கடைசி செட் 6-6 ஆனதும் பத்துப் புள்ளி டை-பிரேக் என்று ஒரே விதிக்கு வந்துவிட்டன. ஆக, விம்பிள்டனில் அந்த விதி இருந்தது இரண்டே இரண்டு போட்டித் தொடர்களில். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ஆட்டம் 6-6 இல் டை-பிரேக்குக்குப் போயிருக்கும். 8-7 என்ற கேமே வந்திருக்காது, 40-15உம் வந்திருக்காது.